சூறாவளி வலக்கையால் சாப்பிடுகிறான்

லண்டனில் இறங்கியதும் எனக்குக் கிடைத்த முதல் சாப்பாடு புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும். இதற்கா அத்தனை தூரம் போனாய் என்று சென்னையில் கேட்பார்கள். நான் போனது சாப்பிட அல்ல, பறக்கிற ஒருவனுக்கு அனுமதி வாங்க.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஒரு சின்னப் பதிப்பகம் மாதம் ஒரு காமிக்ஸ் போடுகிறது. அதற்கு நான் மொழிபெயர்ப்பாளர். அந்த வருமானத்தில் காப்பிப் பொடிகூட வாங்க முடியாது என்பதால், சென்னைக்கு வெளியே ஒரு ஜப்பானியக் கார்த் தொழிற்சாலையில் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியாக இருக்கிறேன். அங்கே வேலை முடித்து ஊர் திரும்பிய ஒரு பொறியாளர், பெட்டியில் இடமில்லை என்று ஒரு பழைய படக்கதையின் மூன்று பாகங்களை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்தால் உள்ளே நம்ம சூறாவளி.

அமெரிக்காவில் அவனுக்கு வேறு பெயர். சூறாவளி என்பது அவன் கதைகளைத் தமிழில் போடும்போது நாங்கள் வைத்தது. முதுகில் பறக்கும் சிவப்புப் போர்வை, நீல முகமூடி, ஒரு குத்து விட்டால் கட்டடம் சரியும். அவன் ஜப்பானிலும் பிரபலமான காலத்தில் அங்கே ஒரு பத்திரிகை உள்ளூர் ஓவியர் ஒருவரைக் கூப்பிட்டு, நம் ஆட்களுக்கு ஏற்ற மாதிரி இவனை வரைந்து கொடு என்று கேட்டிருக்கிறது. அவர் வரைந்தது வேறு ஒரு ஆளை. இந்தச் சூறாவளி வாடகை அறையில் குடியிருக்கிறான். வில்லனை அடிப்பதற்கு முன் குனிந்து வணங்குகிறான். கொள்ளைக்காரர்கள் பதுங்கிய வீடாக இருந்தாலும் பூட்ஸை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் நுழைகிறான். அவன் போர்வை ரயில் கதவில் மாட்டிக்கொள்கிறது. சண்டையில் ஒரு சுவரை இடித்துவிட்டால், சாயங்காலம் சாந்துச் சட்டியோடு வந்து அதைப் பூசிக்கொடுக்கிறான். அமெரிக்கக்காரன் பறந்து போய்விடுவான். இவனுக்கு மனசு கேட்காது.

எனக்கும் மனசு கேட்கவில்லை. அனுமதி வரட்டும் என்று பொறுக்காமல் மூன்று பாகத்தையும் தமிழாக்கிவிட்டேன். ஒன்றரை வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. பிறகு விசாரித்தால், ஓவியர் சமீபத்தில்தான் காலமாகியிருந்தார். சூறாவளியின் உரிமை வைத்திருக்கும் அமெரிக்கக் கம்பெனி, ஓவியருடைய மகள் சம்மதித்தால் எங்களுக்கும் சம்மதம் என்று எழுதிவிட்டது. மகள் பெயர் அகிகோ, லண்டனில் ஆக்டன் பக்கம் இருக்கிறார். நேரில் பார்த்துத்தான் முடிவு சொல்வேன் என்று எழுதினார். அவர் சரி என்றால் புத்தகம், இல்லையென்றால் என் ஞாயிற்றுக்கிழமைகள் மொத்தமும் பரணுக்குப் போகும்.

தங்கியது பிளேஸ்டோவில் எங்கள் வாசகர் சிவனேசன் வீட்டில். காமிக்ஸ் வாசகர்கள் கடிதம் எழுதும்போது ஊர்ப் பெயரை முன்னால் போட்டுக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். இவர் முதலில் 'ஸ்டுட்கார்ட் சிவனேசன்' என்று ஜெர்மனியிலிருந்து எழுதினார், லண்டனுக்கு மாறியதும் 'பிளேஸ்டோ சிவனேசன்' ஆனார். ஊர் மாறியதே தவிர கோபம் மாறவில்லை. போன இதழில் வில்லனுக்கு மீசை இருந்தது, இந்த இதழில் எங்கே போனது என்று நாலு பக்கம் எழுதுவார். அவர் கடிதம் வந்தால் எங்கள் ஆசிரியர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பிரிப்பார். நான் லண்டன் போன வருடம் மே மாதத்தோடு அந்தக் கடிதங்கள் நின்றுவிட்டன. லண்டனில் தங்க இடம் கேட்டு நான் எழுதியதற்குக்கூட அவர் மனைவி கலாதான் போன் செய்து, வாங்கோ என்றார்.

கடிதத்தை வைத்து ஒரு வாயாடியை எதிர்பார்த்துப் போனேன். விமான நிலையத்தில் நின்றவர் உயரமான, அமைதியான மனிதர். வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கும் தொழில் செய்கிறார். விரல் இடுக்கில் சிமெண்ட் வெள்ளை அப்படியே இருந்தது. என் பெட்டியை வாங்கி வேனில் வைத்தார். வழி முழுக்க, குளிருதோ அக்கா என்று ஒரு தடவை கேட்டார், அவ்வளவுதான்.

அடுக்களையில் புட்டைக் குழலிலிருந்து தள்ளிக்கொண்டே கலா காரணத்தைச் சொன்னார். சிவனேசனின் தம்பி வன்னியில் இருந்தவர். இலங்கையில் போர் முடிந்த அந்த மே மாதத்துக்குப் பிறகு தகவல் இல்லை. இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை.

"அதுக்குப் பிறகு இவர் ஒரு புத்தகமும் தொடேல்லை அக்கா. நீங்கள் அனுப்புற காமிக்ஸ் எல்லாம் உறை பிரிக்காமல் மேலை கிடக்கு" என்றார் கலா. நான் இன்னொரு புட்டு கேட்டேன். பசி இல்லை, ஆனால் கலாவுக்கு அது ஆறுதலாக இருந்தது போல் தெரிந்தது.

சாப்பாடு முடிந்ததும் அகிகோவுக்குக் காட்டக் கொண்டுவந்த மாதிரிப் பக்கங்களை மேசையில் பரப்பினேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானியப் புத்தகம் நமக்குப் பின் அட்டை இருக்கும் இடத்தில் தொடங்கும். படங்களும் வலமிருந்து இடமாக ஓடும். எங்கள் ஆசிரியர் அதற்கு ஒப்பவில்லை. தமிழ் வாசகன் புத்தகத்தைப் பின்னாலிருந்து திறக்க மாட்டான், கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு நம்மைத் திட்டுவான் என்றார். அதனால் கண்ணாடியில் தெரிவது போல எல்லாப் படத்தையும் கம்ப்யூட்டரில் திருப்பிப் போட்டு, மேலே தமிழ் எழுத்தை வைத்தோம். அழகாக இருந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கலாவுக்குக் காமிக்ஸ் பழக்கமில்லை. தட்டுகளை எடுத்தபடி எட்டிப் பார்த்தார். சூறாவளி முகமூடியைக் கழற்றிவிட்டு, வீட்டு உடையில் தரையில் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிற பக்கம் அது.

"இவன் என்ன இடக்கையாலை சாப்பிடுறான்?" என்றார்.

குனிந்து பார்த்தேன். குச்சி இடக்கையில்தான் இருந்தது. பதிப்பகத்தில் அத்தனை பேர் பார்த்தோம், எல்லாரும் எழுத்துப்பிழையைத்தான் தேடினோம். ஊரைக் காப்பாற்றுகிறவனை இடக்கையால் சாப்பிட வைத்திருக்கிறோம். கலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், உள்ளுக்குள் கொஞ்சம் உதைத்தது. சிவனேசன் பக்கங்களைத் திரும்பியே பார்க்கவில்லை, விடிய வேலைக்குப் போகவேணும் என்று மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் சனிக்கிழமை கலா என்னைக் குட்மேய்ஸுக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு தமிழ்க் கடையில் ரோல்ஸ் செய்ய நல்ல மாவு கிடைக்குமாம். அகிகோ வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது, கறியை உள்ளே வைத்துச் சுருட்டிப் பொரிக்கிற மட்டன் ரோல்ஸ் செய்துகொண்டு போக வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. மதுரைச் சுங்குடித் துணி கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். அதைத் தின்ன ஏலுமோ என்று கேட்டார்.

திரும்பும் வழியில் பஸ் பாதியில் நின்றது. இந்த வண்டி இதற்கு மேல் போகாது, எல்லாரும் இறங்குங்கள் என்று ஒரு குரல் மட்டும் வந்தது. காரணம் கிடையாது. எல்லாரும் இறங்கி மழையில் வரிசையாக நின்றார்கள். எங்கள் ஊரில் இப்படிச் செய்துவிட்டு ஒரு கண்டக்டர் முழு சட்டையோடு வீடு போய்ச் சேர முடியாது. எனக்கு முன்னால் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவி தன் கணவரிடம், அந்த டிரைவருக்கு வீட்டில் இன்று நல்ல சாப்பாடு போல என்றார். கணவர், நமக்கு அப்படி ஒன்றும் காத்திருக்கவில்லை என்றார். கிழவி அவரைக் குடையால் ஒரு இடி இடித்தார். கலாவின் பையிலிருந்த மாவு நனையாமல் இருக்க நான் என் கம்பளிச் சட்டையைக் கொடுத்துவிட்டு நடுங்கிக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆக்டனுக்கு ரயிலில் போவதாக ஏற்பாடு. ஸ்டேஷனில் கம்பிக் கதவு சாத்தியிருந்தது, தண்டவாள வேலையாம். லண்டனில் ஞாயிறு என்றால் ரயிலுக்கும் லீவு என்று கலா முன்பே சொல்லியிருக்கலாம். அவருக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது. சிவனேசன் ஒன்றும் சொல்லாமல் வேன் சாவியை எடுத்தார். கிழக்கிலிருந்து மேற்குக்கு ஊரையே குறுக்காகக் கடந்தோம். பின்னால் டைல்ஸ் வெட்டும் இயந்திரம் ஒவ்வொரு சிக்னலிலும் கடகடத்தது. மடியில் ரோல்ஸ் டப்பா சுட்டது. நீங்களும் உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டேன். உடுப்பெல்லாம் தூசி, நான் இங்கையே நிக்கிறன் என்றார்.

அகிகோவுக்கு அறுபது வயது இருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி, பெரிய கண்ணாடி. என் ஜப்பானிய மொழி நட்டு, போல்ட், பழுது, தாமதம் என்ற நாலு கால்களில் நிற்பது. வீட்டுக்குள் வந்து பேசுகிற ஜப்பானிய மொழி எனக்குக் கொஞ்சம் தடுமாறும். அவர் சிரித்துவிட்டு, என் பொருட்டு மெதுவாகப் பேசினார். தேநீர் வந்தது. ரோல்ஸ் ஒன்றை மரியாதைக்காகச் சாப்பிட்டார். இரண்டாவதை மரியாதைக்காகச் சாப்பிடவில்லை என்பது தெரிந்தது. சன்னலோரம் சின்ன அலமாரியில் ஓவியரின் படம், அதன் முன் ஒரு கிண்ணத்தில் சோறு. ரொம்ப வயதான முகம். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

பக்கங்களை இரண்டு கையாலும் வாங்கினார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். சுவரைப் பூசும் பக்கத்தில் முகம் மலர்ந்தது. சாப்பிடும் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். இடக்கையைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். அதற்கு ஒரு சமாதானமும் தயாராக வைத்திருந்தேன்.

அவர் பார்த்தது கையை அல்ல. பக்கங்களைச் சேர்த்து அடுக்கி என் பக்கம் நகர்த்தினார். கொஞ்சம் கடினம், யோசிக்கிறேன் என்றார். தொழிற்சாலையில் இத்தனை வருடம் இருந்ததில் எனக்குத் திருத்தமாகத் தெரிந்த ஜப்பானிய வாக்கியம் அது. நம் ஊர் 'பார்க்கலாம்' என்பதற்குச் சொந்தத் தம்பி. முடியாது என்று அர்த்தம்.

எழுந்து போயிருக்க வேண்டும். எனக்குக் கால் வரவில்லை. என்ன தவறு என்று மட்டும் சொல்லுங்கள், தெரியாமல் போனால் தூக்கம் வராது என்றேன். அவர் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு விரலால் சூறாவளியின் வீட்டு உடையைத் தொட்டுக் காட்டினார். முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துக் கட்டுகிற உடை.

"இடப்பக்கத்து மடிப்பு மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வரும்படி கட்டுவது இறந்தவர்களுக்கு மட்டும்தான். அப்பாவுக்கு நான்தான் அப்படிக் கட்டிவிட்டேன்" என்றார். பிறகு, "சூறாவளியின் முகத்துக்கு ஆள் கிடைக்காமல் அப்பா கண்ணாடியைப் பார்த்து வரைந்தார். இது அவருடைய இளவயது முகம்" என்றார்.

அலமாரியில் இருந்த முகத்தை எங்கே பார்த்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. ஒன்றரை வருடமாக ஞாயிறு தோறும் பார்த்த முகம். பெற்ற மகளிடம் அவருடைய அப்பாவை வாலிபனாகக் காட்டி, பிண உடுப்பு உடுத்தி, அதற்கு அனுமதியும் கேட்டிருக்கிறேன்.  அழுதுவிட்டேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த சொற்கள் எல்லாம் தாமதமாக வந்த உதிரிபாகங்களுக்கு உரியவை. அதையே சொன்னேன்.

எங்கள் ஊரிலும் சாவுக்கு எல்லாம் திருப்பித்தான் என்று சொன்னேன். கோயிலை வலமாகச் சுற்றுவோம், சுடுகாட்டில் இடமாகச் சுற்றுவோம். நன்றாகத் தெரியும் எங்களுக்கு. தெரிந்திருந்தும் ஒரு பொத்தானை அமுக்கி எல்லாரையும் திருப்பிவிட்டோம். அகிகோ தலையாட்டினார். காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"திருப்பாமல், அப்பா வரைந்தபடியே போட்டால், உங்கள் ஆட்கள் படிப்பார்களா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. தெரியாது, எங்கள் ஆசிரியர் மாட்டார்கள் என்கிறார் என்றேன். பிறகுதான் தோன்றியது. வெளியே வேனில் ஒரு வாசகர் உட்கார்ந்திருக்கிறார், அவர் எங்களை ஒரு பிழைக்கும் மன்னித்தது இல்லை, வேண்டுமானால் கேட்டுப் பார்க்கலாம் என்றேன். சொன்ன பிறகே நினைவு வந்தது. மே மாதத்திலிருந்து உறை பிரிக்காத மனிதர் அவர்.

சிவனேசன் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினார். சாக்ஸில் ஓட்டை. அகிகோ அதைப் பார்க்காதது போல நாற்காலி காட்டினார். என் பையில் பொறியாளர் கொடுத்த முதல் பாகம் இருந்தது. ஒவ்வொரு பேச்சுக்கும் பக்கத்தில் பென்சிலால் என் தமிழை எழுதி வைத்திருந்த பிரதி. அதைக் கொடுத்து, இந்தப் பக்கத்திலிருந்து திறக்க வேண்டும், வலமிருந்து இடம், அவ்வளவுதான் என்றேன். எங்களுக்காகத்தான் வாங்கிக்கொண்டார். மறுத்தால் இரண்டு பெண்களும் சங்கடப்படுவோம் என்று.

முதல் பக்கத்தில் கண் இடப்பக்கம் ஓடியது. பெருமூச்சு விட்டு, திரும்பவும் வலப்பக்கத்திலிருந்து தொடங்கினார். இரண்டாம் பக்கத்திலும் ஒரு தடவை வழி தவறினார். அதன் பிறகு தவறவில்லை. அகிகோவுக்குத் தமிழ் ஒரு எழுத்து தெரியாது. அவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை, சிவனேசனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் கதவில் போர்வை மாட்டிக்கொண்ட இடத்தில் சிவனேசனின் உதடு ஓரம் லேசாக அசைந்தது. பொதுக் குளியலறைச் சுவரை உடைத்துவிட்டுச் சூறாவளி டைல்ஸ் பதிக்க வருகிற இடத்தில், வாய்விட்டுச் சிரித்தார்.

"உப்பிடிப் பதிச்சா ஒரு கிழமையிலை கழண்டு விழும்" என்றார். ஒரு வாரத்தில் கழன்று விழுமாம் என்று நான் அதை மொழிபெயர்த்தேன். அப்பாவுக்கு ஆணி அடிக்கக்கூடத் தெரியாது என்று சொல்லி அகிகோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தேநீர் ஆறியது.  சாப்பிடும் பக்கத்தில் சிவனேசன் கொஞ்சம் அதிகமாகவே நின்றார். வீட்டுக்காரம்மா சூறாவளியிடம், எங்கேயடா போயிருந்தாய், சோறு ஆறிப்போச்சு என்று கேட்பாள். அவன் எங்கே போயிருந்தான் என்பதைச் சொல்ல முடியாமல் சாப்பிடுவான். அவ்வளவுதான் அந்தப் பக்கம். சிவனேசன் புறங்கையால் மூக்கைத் துடைத்துவிட்டு அடுத்த பக்கம் திருப்பினார். கடைசிப் பக்கத்தை முடித்து மூடினார். மூடிய புத்தகத்தின் மேல் கை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மற்றப் பாகம் எங்கை அக்கா?"

என்ன சொன்னார் என்று அகிகோ கேட்டார். சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போய் இரண்டாம் பாகத்தை எடுத்து வந்து, இரண்டு கையாலும் சிவனேசனிடம் நீட்டினார். அதில் தமிழ் இல்லை. இருந்தாலும் சிவனேசன் வாங்கி, சரியான பக்கத்திலிருந்தே திறந்து, படங்களைப் பார்க்க ஆரம்பித்தார். அகிகோ என்னிடம், திருப்பாமல் போடுங்கள், மூன்று பாகமும் போடுங்கள் என்றார்.

இனி ஆசிரியரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். சிவனேசனின் கைபேசியிலிருந்து மதுரைக்கு அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.  பெரிய தப்பும்மா என்றார் ஆசிரியர். அடுத்த மூச்சிலேயே, ஆனா வாசகர் ஒத்துக்க மாட்டாங்களே என்று பழைய பல்லவிக்கு வந்துவிட்டார். சிவனேசன் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"ஐயா, நான் பிளேஸ்டோ சிவனேசன் கதைக்கிறன். இதைத் திருப்பிப் போட்டியளெண்டால் நான் வாசிக்கமாட்டன்."

அந்தப் பக்கம் ஆசிரியர் பேசியது எனக்கும் கேட்டது. புத்தகத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "ஏன் சார் கடிதமே போடுறதில்ல? ஒவ்வொரு மாசமும் பார்க்கிறேன்" என்றார். சிவனேசன் மடியில் இருந்த இரண்டாம் பாகத்தை மெல்ல மூடி வைத்தார். பிறகு, "ஓம் ஐயா. இனிப் போடுறன்" என்றார்.

கிளம்பும்போது மேசையில் கிடந்த மாதிரிப் பக்கங்களை அள்ளினேன். வெளியே போனதும் கிழித்துப் போட வேண்டும் என்ற அவசரம். அகிகோ, ஒன்று மட்டும் இருக்கட்டும் என்று அந்தச் சாப்பிடும் பக்கத்தை என் கையிலிருந்து உருவிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லப் போனேன். அவர் அதைத் திருப்பி, பின்பக்கம் எங்களைப் பார்க்கும்படி சன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்திப் பிடித்தார். அன்று அபூர்வமாக வெயில் அடித்தது. மெல்லிய தாள். படம் பின்பக்கமாகத் தெரிந்தது. சூறாவளி வலக்கையில் குச்சியைப் பிடித்திருந்தான். உடையில் இடப்பக்கத்து மடிப்பு மேலே வந்திருந்தது. ஒரு வாலிபன் உயிரோடு உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

என் தமிழ் எழுத்துகள்தான் இப்போது இடவலம் மாறி, ஒருவராலும் படிக்க முடியாதபடி கிடந்தன. எனக்கு அதில் துளி வருத்தமும் இல்லை. சிவனேசன் பையிலிருந்து டைல்ஸ் பதிக்கும்போது ஒட்டுகிற டேப்பை எடுத்துக் கிழித்துக் கொடுத்தார். அகிகோ நாலு மூலையிலும் ஒட்டினார்.